பட்டம் கையில், பதிவு எண் எங்கே?

மைசூரு மகாராஜா கல்லூரியில் உளவியலுக்கென்று தனித்துறை தொடங்கிய ஆண்டு 1924. இந்தியாவில் கல்கத்தாவுக்கு அடுத்து இந்தப் படிப்பு காலூன்றிய இடம் அதுதான். கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குச் சோதனை உளவியல் பாடத்திட்டம் வகுத்துக் கொடுத்த தத்துவப் பேராசிரியர் பிரஜேந்திரநாத் சீல், 1921-ல் மைசூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக வந்து சேர்ந்திருந்தார். லண்டனில் சார்லஸ் ஸ்பியர்மனிடம் ஆய்வு முடித்து ஊர் திரும்பிய எம்.வி. கோபாலசுவாமி துறையின் பொறுப்பை ஏற்றார். நுண்ணறிவை அளக்க முடியுமா, முடிந்தால் எப்படி என்ற விவாதத்தின் நடுவில் நின்ற ஒருவரிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர் அவர். 1935-ல் தன் வீட்டிலேயே ஒலிபரப்புக் கருவி நிறுவி, பின்னாளில் நாட்டின் வானொலிக்கே பெயராகிவிட்ட ‘ஆகாஷவாணி’யைத் தொடங்கியவரும் இதே உளவியல் பேராசிரியர்தான்.

அந்த ஊரில், நூறாண்டு கழிந்த பிறகும், ஒரு கேள்விக்குப் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் தெளிவான விடை கிடைப்பதில்லை. உளவியல் படித்துவிட்டால் சிகிச்சை கொடுக்கலாமா? மைசூர் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தில் இரண்டாண்டு உட்கார்ந்து எம்.எஸ்சி. முடித்தவரும், இணையத்தில் பத்து நாள் வகுப்பு கேட்டுச் சான்றிதழ் வாங்கியவரும் குவெம்பு நகரில் அடுத்தடுத்த மாடியில் ‘கவுன்சிலிங் சென்டர்’ போர்டு மாட்டலாம். யார் என்ன படித்தார் என்று விசாரித்துப் பார்க்கும் அலுவலகம் எதுவும் அந்த மாடிப்படி ஏறி வருவதில்லை. மகனின் பரீட்சைப் பயத்துக்கோ, மகளின் தூக்கமின்மைக்கோ வழி தேடி அந்தப் படியேறும் தாய்க்கு இரண்டு போர்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

சட்டம் முற்றிலும் மௌனமாக இல்லை. அது ஒரு குறிப்பிட்ட தொழில்முறையாளருக்குத்தான் வேலி போட்டிருக்கிறது. அவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், தமிழில் மருத்துவ உளவியலாளர். மருந்து எழுதும் சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ்., அதற்கு மேல் எம்.டி. படித்த மருத்துவர், அவருடைய கதை வேறு. மருந்தெழுதும் உரிமை இல்லாத, ஆனால் நோயைக் கணிக்கவும் சோதனைகள் நடத்தவும் உளச்சிகிச்சை கொடுக்கவும் பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்தியாவில் அவருக்கு லைசென்ஸ் கொடுப்பது இந்திய மறுவாழ்வு கவுன்சில், சுருக்கமாக ஆர்.சி.ஐ. மாற்றுத்திறனாளிகளுக்கான பயிற்சிகளை ஒழுங்குபடுத்த 1986-ல் ஒரு சங்கமாகத் தொடங்கப்பட்ட அமைப்பு இது. 1992-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 1993-ல் சட்டப்படியான கவுன்சிலாக நடைமுறைக்கு வந்தது. செவித்திறன் வல்லுநர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர், செயற்கைக் கால் செய்பவர் ஆகியோர் இருக்கும் அதே பட்டியலில் மருத்துவ உளவியலாளரும் சேர்க்கப்பட்டார். உளவியலாளருக்கென்று தனிக் கவுன்சில் இந்த நாட்டில் இன்றுவரை உருவாகவில்லை என்பதால், மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கீழ் வரும் இந்தக் கவுன்சிலே அவர்களுடைய வாசலாக இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 13-வது பிரிவைப் பெற்றோர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்று, கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறியவர் மட்டுமே நான்கு காரியங்களைச் செய்யலாம் என்கிறது அது. அரசுப் பதவியில் இந்தத் தொழிலைப் பார்க்கலாம். நாட்டின் எந்தப் பகுதியிலும் தொழில் நடத்தலாம். சட்டம் கேட்கும் சான்றிதழில் கையெழுத்திடலாம். நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சி சொல்லலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1992-ல் எழுதிய அந்த ஆயிரம் ரூபாய், இன்று ஒரு மணி நேர ஆலோசனைக்கு வாங்கும் கட்டணத்தைவிடப் பல இடங்களில் குறைவு.

சான்றிதழ் என்பது காகித விஷயமாகத் தோன்றலாம். மைசூரில் அதன் கனம் வேறு. 1965-ல் தொடங்கப்பட்டு, மானசகங்கோத்ரியில் இயங்கிவரும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தில் மருத்துவ உளவியலுக்குத் தனித்துறை இருக்கிறது. கர்நாடகத்துக் குடும்பங்கள் மட்டுமில்லை, கூடலூரிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வருகிறார்கள். ‘எழுத்துக்கூட்டிப் படிக்கவே மாட்டேங்கிறான், ஆனா வாய்க்கணக்கு பளிச்சுனு சொல்றான்’ என்ற ரகத்தில் பேச்சு தொடங்கும். அந்தப் பையனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடா, கற்றல் குறைபாடா, காது கேட்பதில் சிக்கலா, அல்லது வீட்டில் நடக்கும் சண்டையா? நான்கும் வெளியே ஒரே மாதிரி தெரியும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், எழுதிக்கொடுக்க ஆளும் கிடைப்பது இந்தக் கணிப்பை நம்பித்தான். 40 விழுக்காடு என்ற கோட்டை எட்டினால்தான் இட ஒதுக்கீடு போன்ற உரிமைகள் திறக்கும். சோதனை வினாவைச் சற்று அவசரமாகக் கேட்டு, மிரண்டுபோன குழந்தையின் மௌனத்தை ‘தெரியவில்லை’ என்று குறித்துக்கொண்டால் போதும், ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்க்கையே தடம் மாறிவிடும். கையெழுத்துப் போடுபவர் யார் என்று சட்டம் கறாராகக் கேட்பது இதற்காகத்தான்.

பி.யு.சி. முதல் பதிவேடு வரை

மைசூரில் பிளஸ் டூவுக்கு இணையான பி.யு.சி. முடித்து, உளவியலாளர் ஆக வேண்டும் என்று நினைக்கும் ஒரு பெண்ணை வைத்து, எம்.ஃபில். வழியாக இதுவரை இருந்த பாதையைப் பார்ப்போம். முதலில் மூன்றாண்டு இளநிலை. அடுத்து இரண்டாண்டு முதுநிலை, எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. உளவியல். ஐந்து ஆண்டு ஓடிவிட்டது, வீட்டில் ‘எப்போ கிளினிக் வைக்கப்போற?’ என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அப்போதும் அவளால் பதிவேட்டில் பெயர் சேர்க்க முடியாது. முதுநிலையில் பொதுப்பிரிவினர் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண் எடுத்திருந்தால், எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் தேறி, நேர்காணலைத் தாண்டி, ஆர்.சி.ஐ. அங்கீகரித்த நிறுவனமொன்றில் இரண்டாண்டு முழுநேரப் படிப்பு. ஆக பி.யு.சி.க்கு மேல் ஏழு ஆண்டுகள். எம்.பி.பி.எஸ். படிப்பதற்கு ஆகும் காலத்தைவிட அதிகம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதையே எழுத்தில் உறுதி செய்தது. முதுநிலைப் பட்டத்துக்கு மேல், மேற்பார்வையின் கீழ் மருத்துவமனைப் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில்., அல்லது கவுன்சில் அங்கீகரித்த அதற்கு இணையான தகுதி உள்ளவரே மருத்துவ உளவியலாளர் என்று அதன் வரையறை சொல்கிறது. மாநில மனநல ஆணையமும் தன் எல்லைக்குள் பணியாற்றும் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்து பட்டியலை வெளியிட வேண்டும் என்றது. டெல்லியின் பதிவேடு, மாநிலத்தின் பதிவு என்று இரண்டு படிகள். ஏறியபின் அப்படியே இருந்துவிடவும் முடியாது. பதிவைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும்.

பலர் இதை மதிப்பெண், பட்டம், விண்ணப்பம் என்ற வரிசையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த இரண்டாண்டு எம்.ஃபில். மட்டும்தான் முக்கியமாகப் படுகிறது. அதுவரை படித்ததெல்லாம் மனித மனத்தைப் பற்றி. அங்கேதான் முதல்முறையாக ஒரு மனிதர் எதிரே வந்து உட்காருகிறார்.

பயிற்சி மாணவி புற நோயாளிப் பிரிவில் ஒருவருடைய வரலாற்றைக் கேட்டு எழுதுகிறாள். எப்போது தொடங்கியது, யார் கவனித்தார்கள், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா? இந்தக் கடைசிக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதே ஒரு பாடம். எழுதியதை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகிறாள். ‘மனச்சோர்வு என்று எழுதியிருக்கிறாயே, தைராய்டு பார்த்தார்களா? அவர் எட்டு மாதம் முன்பு தலையில் அடிபட்டதைச் சொன்னாரே, அதை ஏன் விட்டாய்?’ என்பது மாதிரியான கேள்விகள் வரும். திரும்பப் போய்க் கேட்கிறாள். பினே–காமத் சோதனை, வெக்ஸ்லர் சோதனை, ரோர்ஷாக் மைப்படங்கள், மூளைக் காயம்பட்டவர்களுக்குப் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பு ஆகிய ஒவ்வொன்றையும் உண்மையான நோயாளிகளிடம் நடத்தி, அறிக்கை எழுதி, திருத்தப்பட்டு, மறுபடி எழுதுகிறாள். சிகிச்சை தரத் தொடங்கிய பிறகும் ஒவ்வொரு அமர்வும் மேற்பார்வையாளர் முன் அலசப்படும். நோயாளி அழுதபோது ஏன் பேச்சை மாற்றினாய்? உன் வீட்டு நினைவு வந்ததா? தன் காயம் எங்கே முடிகிறது, எதிரே இருப்பவரின் காயம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறியும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. நீச்சலைப் போல இதையும் கரையில் நின்று படித்துத் தேற முடியாது. பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்க, தண்ணீரில் இறங்கியாக வேண்டும்.

இந்த முறைக்கு இந்தியாவில் வடிவம் கொடுத்த இடம் மைசூரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையை ஒட்டி 1954-ல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கு மருத்துவ உளவியலில் பட்டயப் படிப்பு வந்தது. பின்னாளில் அதுவே எம்.ஃபில். ஆனது. மருத்துவமனையும் நிறுவனமும் இணைந்து 1974-ல் நிம்ஹான்ஸ் ஆயிற்று.

ஆள் எங்கே?

இவ்வளவு கடினமான பாதையில் எத்தனை பேர் வெளியே வர முடியும்? ஒரு மேற்பார்வையாளர் சில மாணவர்களைத்தான் உருப்படியாகக் கவனிக்க முடியும் என்பதால், ஒவ்வொரு நிறுவனத்திலும் இடங்கள் மிகக் குறைவு. விளைவு என்ன என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2017 மனநல அட்லஸ் காட்டியது. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு உளவியலாளர் 0.07. அதாவது ஒரு கோடிப் பேருக்கு ஏழு பேர். நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பரவலாகக் காணப்படும் மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சை எதுவும் கிடைக்காமல் இருக்கிறார்கள் என்றது.

இதற்கிடையே தேவை ஏறிக்கொண்டே போகிறது. மாணவர் தற்கொலைகள் குறித்த வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். மைசூரில் பள்ளி, பி.யு. கல்லூரி, கோச்சிங் சென்டர் எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள். அந்தப் பணியிடங்களில் போய் அமரப்போவது பெரும்பாலும் எம்.ஃபில். படிக்காத முதுநிலைப் பட்டதாரிகள்தான். அவர்கள் போலிகள் இல்லை. பள்ளியில் தனியாக உட்கார்ந்து அழும் பிள்ளையை முதலில் கண்டுகொள்பவர்கள் அவர்கள்தான், மேல்சிகிச்சைக்கு அனுப்பிவைப்பவர்களும் அவர்கள்தான். குறை அவர்களிடம் இல்லை. ஐந்தாண்டு படித்த ஒருவருக்கு ‘இதுவரை நீ செய்யலாம், இதற்கு மேல் அனுப்பிவிட வேண்டும்’ என்று எல்லை வகுத்து, பதிவு கொடுத்து, பின்னால் ஒரு மேற்பார்வையாளரை நிறுத்தும் ஏற்பாடு இல்லாததுதான் குறை.

அந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது 2021-ல் நிறைவேறிய தேசியத் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம். பத்து வகைத் தொழில்களை அது பட்டியலிட்டது. அதில் நடத்தைசார் சுகாதார அறிவியல் பிரிவில், ஆர்.சி.ஐ.யின் கீழ் வரும் மருத்துவ உளவியலாளர் நீங்கலாக மற்ற உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், ஆலோசகர்கள் இடம்பெற்றார்கள். சுகாதாரத் தொழிலர் என்று பதிவு பெறக் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மணிக்கணக்கில் பயிற்சியைப் பேசும் சட்டம் என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது. மாநிலக் கவுன்சில்கள் முழு வேகத்தில் இயங்கி, ஆலோசகர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறும் நாள் வந்தால்தான் குவெம்பு நகர் மாடிப்படியில் ஏறும் தாய்க்கு அதன் பயன் தெரியும்.

சட்டம் இறங்கி வருவதற்குள் படிப்புகளே ஆட்டம் கண்டுவிட்டன. தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தச் சொன்னது. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு அதை விதியாக்கியது. மருத்துவ உளவியலுக்கு லைசென்ஸே எம்.ஃபில். வழியாக என்பதைச் சுட்டிக்காட்டிய பிறகு, இந்தப் படிப்புக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை சேர்க்கையை நீட்டித்தார்கள். மறுபக்கம் ஆர்.சி.ஐ., இளநிலையிலும் முதுநிலையிலும் மருத்துவ உளவியலுக்குப் புதிய படிப்புகளை வகுத்தது. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று மானியக் குழு உத்தரவிட்டது. 1996 முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இயங்கும் ஊர் மைசூரு. கணவர் வேலைக்குப் போன பிறகு, பிள்ளை தூங்கிய பிறகு பாடம் படித்து முதுநிலை முடிக்க நினைத்த பெண்களுக்கு அந்தக் கதவு அடைபட்டது. வருத்தம்தான். ஆனாலும் அந்த உத்தரவை நான் ஆதரிக்கிறேன். ஆளைப் பார்க்காமல் ஆளைக் கவனிக்கும் தொழிலைக் கற்பிக்க முடியாது. அந்தப் பெண்களுக்கு மாலை நேரக் கல்லூரியும், ஊருக்குள்ளேயே பயிற்சி இடமும் கொடுப்பதுதான் அரசு செய்ய வேண்டிய ஈடு.

வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் தனி. பெரும்பாலும் முனைவர் பட்டமும், மேற்பார்வையில் பணிபுரிந்த மணிகளும், ஒரு தேசியத் தேர்வும் கேட்பார்கள். கலிஃபோர்னியா கேட்பது 3,000 மணி நேரம். பிரிட்டனில் 2009 முதல் ஒரு கவுன்சில் மருத்துவ உளவியலாளர் உள்ளிட்ட சில பதவிப் பெயர்களைச் சட்டப்படி காக்கிறது. எங்கு போனாலும் கேட்கப்படுவது மேற்பார்வையில் கழித்த நேரம்தான்.

சிகிச்சை தேடிப் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டியது ஆர்.சி.ஐ. பதிவு எண். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். முறையாகப் படித்த எவரும் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். பதிவில்லாத ஆலோசகரிடம் போவதென்றால், என்ன படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை பார்க்கிறீர்கள், எந்த நிலையில் மனநல மருத்துவரிடம் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தயங்குகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். ஐ.க்யூ. சோதனை செய்து சான்றிதழ் தருகிறேன் என்றால் பதிவு எண் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். நள்ளிரவில் யாரும் கிடைக்காத அவசரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் இலவச எண் 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

மாணவர்கள் கேட்க வேண்டியது வேறு. கல்லூரியில் கட்டணம் கட்டுவதற்கு முன், இந்தப் படிப்பு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்றதா, எந்த ஆண்டு வரை பெற்றது, எத்தனை இடத்துக்குப் பெற்றது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்’ என்ற பதிலை நம்பி இரண்டாண்டைக் கொடுக்காதீர்கள். அங்கீகாரம் படிப்புக்கு, கட்டடத்துக்கு இல்லை.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடிய ஒன்றுக்கு முன்மாதிரி மானசகங்கோத்ரியிலேயே இருக்கிறது. பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தில் இளநிலை சேரும் மாணவர்கள் படிக்கும்போதே கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். நான்காவது ஆண்டு முழுவதும் மேற்பார்வையில் உள்ளுறைப் பயிற்சி. முடித்ததும் அதே ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்துகொண்டு வேலைக்குப் போகிறார்கள். அதே வளாகத்தில் முதுநிலை உளவியல் முடித்தவருக்கு அந்த வசதி இல்லை. முதுநிலை உளவியலின் கடைசி ஆண்டை மைசூரின் கே.ஆர். மருத்துவமனை மனநலப் பிரிவு, பள்ளிகள், தாலுக்கா சுகாதார நிலையங்கள் ஆகியவற்றில் மேற்பார்வையுடன் கழிக்கும்படி மாற்றி, அந்த மணிகளைப் புதிய ஆணையத்தின் பதிவுக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மாணவர் கூட்டத்தைவிட மேற்பார்வையாளர்களே முதலில் தேவை. எம்.ஃபில். முடித்தவர்களைப் பல்கலைக்கழகத் துறைகளில் நிரந்தரப் பணியில் அமர்த்தினால், ஐந்தாறு ஆண்டுகளில் கர்நாடகத்தின் ஒவ்வொரு தாலுக்காவுக்கும் பதிவு எண்ணோடு ஒருவரை அனுப்ப மைசூரால் முடியும்.